சங்கத்துக்கு ஏற்ற வீடியோ காமிரா எது?

பிறந்த மண்ணை விட்டு வேற்று மொழி வழங்கும் நகரங்களில் குடியேறிய தமிழர்கள் தங்களுக்கென்று முதலில் அமைத்துக்கொள்வது பெரும்பாலும் ஒரு சங்கமாகவே இருக்கும். பொங்கல் விழா, பாரதி விழா, நவராத்திரிக் கச்சேரி, ஆண்டு விழா நாடகம், குழந்தைகளின் குறள் ஒப்பித்தல் என்று அதன் மேடையில் ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒன்று நடந்த வண்ணமே இருக்கிறது. மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்த நாடகம் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. மறுநாள் காலையில் அங்கே எஞ்சியிருப்பவை வாடிய தோரணமும் மடக்கி அடுக்கிய நாற்காலிகளுமே. நடந்ததைப் படமாகப் பத்திரப்படுத்த வேண்டும் என்ற ஆசை இயல்பாகவே எழுகிறது. அதன் பயனாக, நிர்வாகக் குழுவின் நிகழ்ச்சி நிரலில் ஒரு நாள் ‘வீடியோ காமிரா வாங்குதல்’ என்ற வரியும் இடம்பெறுகிறது.

அன்றைய கூட்டம் எவ்வாறு நடக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. “கையில் இருக்கும் செல்போனே மிகத் தெளிவாகப் படம் எடுக்கிறதே, தனியாக ஒரு காமிரா எதற்கு?” என்பார் இளைஞர் ஒருவர். “வாங்குவதானால் சினிமாக்காரர்கள் வைத்திருப்பதைப் போல லென்ஸ் மாற்றும் காமிராவாக வாங்குங்கள்” என்பார் மற்றொருவர். “என் மாப்பிள்ளை அமெரிக்காவிலிருந்து அடுத்த மாதம் வருகிறார். அங்கே விலை குறைவு, சொன்னால் வாங்கி வருவார்” என்பார் மூத்தவர். பொருளாளர் மட்டும் ஒன்றும் பேசாமல் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பார்.

இவர்கள் எல்லாருடைய பேச்சிலும் ஓரளவு நியாயம் உண்டு. ஆயினும் ஒருவரும் முதற்கேள்வியைக் கேட்கவில்லை. நாம் எடுக்கப் போவது எதை, எங்கிருந்து, எவ்வளவு நேரம் என்பதே அக்கேள்வி. அரிவாளும் இரும்புதான், அரிவாள்மணையும் இரும்புதான். ஆயினும் கதிர் அறுக்க அரிவாள்மணையை எடுத்துச் செல்வார் இல்லை. காமிராவும் அப்படியே. உயர்ந்த காமிரா, தாழ்ந்த காமிரா என்று பொதுவாகச் சொல்வதில் பொருளில்லை. செய்ய வேண்டிய வேலைக்குப் பொருந்துவதே நல்ல காமிரா. உறுப்பினர்கள் சிறுகச் சிறுகக் கொடுத்த சந்தாப் பணத்தைக் கொண்டு வாங்கும் பொருளாகையால், இதைச் சற்று நிதானமாகவே ஆராய்வோம்.

காம்கார்டர் என்பது என்ன?

ஒரு காலத்தில் வீடியோப் படம் எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஒருவர் தோளில் காமிராவைச் சுமப்பார், மற்றொருவர் ஒரு கம்பியால் அதனோடு பிணைக்கப்பட்ட பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடுவார். நம் நாட்டில் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியையொட்டி வண்ணத் தொலைக்காட்சி வந்த அதே 1982ஆம் ஆண்டில்தான், சோனி நிறுவனம் காமிராவையும் பதிவுக் கருவியையும் ஒன்றாக்கிப் ‘பீட்டாகாம்’ என்ற முறையைத் தொழில்முறையாளர்களுக்கு அளித்தது. காமிரா, ரிக்கார்டர் என்னும் இரண்டு சொற்களும் கூடிக் ‘காம்கார்டர்’ ஆயின. நாடாவில் பதிந்த காலம் போய் இப்போது நினைவக அட்டையில் பதிகிறது. ஆனாலும் அக்கருவியின் இயல்பு மாறவில்லை. லென்ஸ், ஒலி வாங்கும் இணைப்பு, பதிவுக் கருவி, பாட்டரி ஆகிய அனைத்தும் ஒரே உடலில் அமைந்து, மணிக்கணக்கில் ஒருவரே தளராமல் இயக்குவதற்காகச் செய்யப்பட்ட கருவி அது.

‘மணிக்கணக்கில்’ என்ற சொல்லை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். புகைப்படக் காமிராக்களில் வீடியோ எடுக்கும் வசதி வந்த பிறகு, அவற்றுள் பல 29 நிமிடம் 59 விநாடியில் தாமாகவே நின்றுவிடும்படி அமைக்கப்பட்டிருந்தன. 30 நிமிடம் தொடர்ந்து பதிவு செய்யும் கருவியை ஐரோப்பியச் சுங்க விதிகள் வீடியோ காமிரா என்று வகைப்படுத்திக் கூடுதல் வரி விதித்ததே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. புதிய காமிராக்கள் பலவற்றில் அந்தத் தடை நீங்கிவிட்டது. ஆயினும் நீண்ட நேரம் ஓடினால் சூடேறி நின்றுவிடும் குறை சிலவற்றில் இன்னும் உண்டு. பழைய காமிராவை மலிவாக வாங்குவோர் இவ்விரண்டையும் விசாரித்துக்கொள்ள வேண்டும். நாடகத்தின் உச்சக் காட்சியில் காமிரா நின்றுபோனால், நடிகர்களை அழைத்து மறுபடியும் நடிக்கச் சொல்ல முடியாது அன்றோ?

லென்ஸ் மாற்றும் காமிரா தாழ்ந்தது என்பது இதன் பொருளன்று. குறும்படம் எடுப்பதற்கும், ஒருவரை எதிரே அமர்த்திப் பேட்டி காண்பதற்கும், பின்னணி மங்கி முகம் மட்டும் துலங்கும் அழகுக்கும் அதுவே சிறந்தது. ஆனால் மேடையில் ஆடும் பெண் முன்னும் பின்னும் நகரும்போது, முழு உருவத்திலிருந்து முகத்துக்குத் தடையின்றிச் சென்று மீண்டும் விரிய வேண்டும். அந்த வேலைக்கு ஒரே நீண்ட ஜூம் லென்ஸ் பொருத்திய காம்கார்டரே கைகொடுக்கும்.

தூரத்தின் கணக்கு

செல்போன் போதும் என்ற இளைஞருக்கு விடை சொல்ல ஓர் எளிய கணக்கு இருக்கிறது. காமிராவின் விவரக் குறிப்பில், 35 மி.மீ. படச்சுருள் காமிராவுக்குச் சமமான குவியத் தூரம் இவ்வளவு என்று அச்சிட்டிருப்பார்கள். மேடைக்கும் காமிராவுக்கும் உள்ள தூரத்தை 36ஆல் பெருக்கி, அந்தக் குவியத் தூரத்தால் வகுத்தால், படத்துக்குள் எத்தனை மீட்டர் அகலம் அடங்கும் என்பது தெரிந்துவிடும்.

அரங்கின் பின்புறம், மேடையிலிருந்து 20 மீட்டர் தொலைவில் நாம் நிற்பதாகக் கொள்வோம். செல்போனின் முதன்மை லென்ஸ் ஏறத்தாழ 24 மி.மீ. அதன் படத்தில் 30 மீட்டர் அகலம் அடங்கும். 10 மீட்டர் மேடை அந்தப் படத்தில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். மற்ற இடமெல்லாம் சுவரும், பார்வையாளர் தலைகளும். விலையுயர்ந்த செல்போனில் 120 மி.மீ. லென்ஸ் இருந்தாலும் 6 மீட்டருக்குக் குறுக்க இயலாது. 29 மி.மீ. தொடங்கி 12 மடங்கு ஜூம் செய்து 348 மி.மீ. வரை செல்லும் காம்கார்டரோ, அதே இடத்திலிருந்து 2 மீட்டர் அகலத்தைப் பிடிக்கும். அதாவது, இடுப்புக்கு மேல் ஓர் ஆள் படம் நிறையத் தெரிவார். 24 மி.மீ. தொடங்கி 20 மடங்கு செல்வதானால் 1½ மீட்டர். அபிநயத்தில் கண்ணும் புருவமும் பேசுவதைக் காட்ட இவ்வளவு நெருக்கமேனும் வேண்டும்.

இதே கணக்கு செலவில்லாத ஒரு யோசனையையும் நமக்குச் சொல்லித் தருகிறது. காமிராவைப் பின்சுவரிலிருந்து நகர்த்தி, அரங்கின் நடுவில், 10 மீட்டரில், பார்ப்பவர்கள் தலைக்கு மேலே இருக்கும்படி ஒரு சிறு மேடை போட்டு வைத்தால், 12 மடங்கு காமிராவே 1 மீட்டர் அகலத்துக்கு நெருங்கிவிடும். அதிக ஜூம் உள்ள காமிராவுக்குப் பணம் கொடுப்பதற்கு முன்னால், நாற்காலிகளின் வரிசையை மாற்றிப் போட முடியுமா என்று பாருங்கள்.

ஜூம் என்று சொல்லும்போது ஆப்டிகல் ஜூமை மட்டுமே கணக்கில் கொள்ள வேண்டும். டிஜிட்டல் ஜூம் என்பது எடுத்த படத்தை ஊதிப் பெரிதாக்குவதே ஆகும். ஆனால் 4கே தரத்தில் எடுப்பதில் ஒரு நன்மை உண்டு. 3840க்கு 2160 புள்ளிகள் கொண்ட அப்படத்தில், சாதாரண எச்.டி. படத்தின் 1920க்கு 1080 புள்ளிகளைப் போல நான்கு மடங்கு அடங்கியிருக்கிறது. ஆகையால், இறுதிப் படம் எச்.டி. தரத்தில் போதும் என்றால், பிறகு கணிப்பொறியில் தொகுக்கும்போது பாதி அகலத்தை வெட்டி எடுத்தாலும் தெளிவு குன்றாது. ஒரே காமிரா வைத்திருக்கும் சங்கத்துக்கு இது இரண்டாவது காமிராவைப் போல உதவும்.

வெள்ளை வேட்டியும் மேடை விளக்கும்

ஒளியைப் படமாக்குவது சென்ஸார் என்னும் சில்லு. அது பெரிதாக இருப்பின் மங்கிய வெளிச்சத்திலும் படம் தெளிவாக வரும். ‘1 அங்குல’ சென்ஸார் என்று விளம்பரத்தில் படித்துவிட்டு ஏமாற வேண்டாம். அதன் உண்மை அளவு 13.2 மி.மீ.க்கு 8.8 மி.மீ.தான். பழைய தொலைக்காட்சிக் காமிராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளி விட்டத்தைக் கொண்டு வழங்கிய பெயர் இன்னும் மாறாமல் நிற்கிறது. ஆயினும் நீண்ட ஜூம் லென்ஸுக்கும் மங்கிய அரங்கத்துக்கும் நடுநிலையாகப் பொருந்துவது இந்த அளவே. மேடை நிகழ்ச்சிகளை எடுக்கும் சங்கம் இதற்குக் குறைந்த சென்ஸாரை வாங்காமல் இருப்பது நலம்.

லென்ஸின் ஒளித்துளை அளவையும் பார்க்க வேண்டும். ‘எஃப் 2.8 முதல் 4.5 வரை’ என்று எழுதியிருந்தால், ஜூமின் கோடியில் ஒளி பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறது என்று பொருள். குறைந்த ஒளியை ‘கெயின்’ கொண்டு கூட்டலாம். 6 டெசிபல் கூட்டினால் மின்குறி இரு மடங்காகும், 18 டெசிபலில் எட்டு மடங்காகும். அதற்கேற்பப் படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகளும் பெருகும். ஆகவே, கடைக்காரர் காட்டும் பளிச்சென்ற விளக்கொளியில் காமிராவைப் பார்த்து முடிவு செய்யலாகாது.

நம் விழாக்களுக்கே உரிய சங்கடம் ஒன்று உண்டு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, அவற்றினிடையே மாநிற முகம். தானியங்கி முறையில் விட்டால், காமிரா அந்த வெண்மையைக் கண்டு மிரண்டு ஒளியைக் குறைத்துவிடும். வேட்டி அழகாக விழும், முகமோ இருண்டுபோகும். இதற்காகவே தொழில்முறைக் காமிராக்களில் ‘ஸீப்ரா’ என்னும் வரிகள் உண்டு. ஒளி ஒரு குறித்த அளவை எட்டிய இடத்தில் வரிக்குதிரைக் கோடுகள் திரையில் தோன்றும். முகத்துக்கு 70 விழுக்காட்டில் வைக்க வேண்டும் என்று மேனாட்டுக் கைப்புத்தகங்கள் சொல்வது வெளுத்த தோலுக்குரிய அளவு. நம்மவர் முகத்துக்கு 50 முதல் 60 வரை வைப்பதே பொருந்தும். இத்தகைய நுட்பங்களுக்கெல்லாம் கையால் இயக்கும் வசதி வேண்டும். லென்ஸைச் சுற்றிக் குவியம், ஜூம், ஒளித்துளை ஆகிய மூன்றுக்கும் தனித்தனி வளையங்கள் உள்ள காமிராவையே தேடுங்கள். வெயிலில் தேரோட்டம் எடுப்பதற்கு, ஒளியை மட்டுப்படுத்தும் சாம்பல் நிறக் கண்ணாடிகள் உள்ளேயே அமைந்திருத்தலும் அவசியம்.

ஐம்பது என்னும் எண்

இனி, அமெரிக்க மாப்பிள்ளையின் காமிராவுக்கு வருவோம். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று ஓடுகிறது, அமெரிக்காவில் 60 சுற்று. அதனால் மின்விளக்குகள் நம் கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கும் துடிப்பும் இரண்டு நாடுகளில் வேறுபடும். இங்கே தொலைக்காட்சி முறையும் விநாடிக்கு 25 அல்லது 50 சட்டங்கள். அங்கே ஏறத்தாழ 30 அல்லது 60. இரண்டு முறைகளிலும் பதியும் காமிராக்கள் பல உண்டு. ஆனால் அந்த நாட்டுச் சந்தைக்கென்றே செய்யப்பட்ட சில காமிராக்களில் 25, 50 என்ற தேர்வே இராது. அதை இங்கே கொண்டுவந்து நம் கல்யாண மண்டபத்து விளக்கொளியில் எடுத்தால், படம் முழுவதும் அலை அலையாக வெளிச்சம் ஏறி இறங்கக்கூடும்.

ஆகவே வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் முன், ‘50 சட்டத்தில் பதியுமா?’ என்று உறுதியாகக் கேட்டறியுங்கள். எங்கே வாங்கினாலும், மேடையில் எடுக்கும்போது ஷட்டரை விநாடியில் 50இல் ஒரு பங்கு என்று நிறுத்திக்கொள்வது நல்ல பழக்கம். இங்குள்ள பழுதுபார்ப்பு நிலையம் அந்தக் காமிராவின் உத்தரவாதத்தை ஏற்குமா என்பதையும் முன்கூட்டியே எழுத்தில் பெற வேண்டும். விலையில் மிச்சம் பிடித்தது பழுதுபார்ப்பில் போய்விடலாம்.

காதுக்கும் கவனம்

படத்தைப் பற்றி இவ்வளவு பேசினோம். ஆனால் சங்கத்து வீடியோக்களில் பெரும்பான்மை கெடுவது ஒலியினால்தான். சற்று மங்கிய படத்தை நாம் பொறுத்துக்கொள்வோம். வசனம் கேட்காத நாடகத்தை ஐந்து நிமிடத்துக்கு மேல் யாரும் பார்ப்பதில்லை. காமிராவிலேயே பொருத்தியுள்ள மைக் மேடையிலிருந்து வெகுதூரத்தில் இருக்கிறது. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்க இரட்டிக்க ஒலி 6 டெசிபல் வீதம் குறையும். மண்டபத்தில் எதிரொலியும் சேர்ந்துகொள்ளும். ஆதலால் மேடைப் பேச்சை விடப் பக்கத்து வரிசைப் பாட்டியின் பேச்சே அதில் தெளிவாகப் பதியும்.

இதற்குப் பரிகாரம், எக்ஸ்.எல்.ஆர். எனப்படும் மூன்று முனை இணைப்புகள் இரண்டேனும் உள்ள காமிராவை வாங்குவது. தொழில்முறைக் காமிராவை வீட்டுக் காமிராவிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளங்களில் இது முதன்மையானது. ஒன்றில், ஒலிபெருக்கிக்காரரின் மிக்ஸரிலிருந்து நேரே ஒரு கம்பி வாங்கிக்கொள்ளலாம். மற்றொன்றில், அரங்கத்தில் வைத்த ஒரு மைக்கைப் பொருத்தினால் கைதட்டலும் சிரிப்பும் கிடைக்கும். மிக்ஸரிலிருந்து வரும் கம்பிக்கு ‘லைன்’ என்றும், மைக்குக்கு ‘மைக்’ என்றும் சுவிட்சை மாற்றி வைக்க மறக்கலாகாது. சில மைக்குகளுக்கு 48 வோல்ட் மின்சாரம் காமிராவிலிருந்தே செல்ல வேண்டும். அந்த வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

கல்யாண வீட்டில் இதன் அருமை நன்கு விளங்கும். மந்திரம் மெல்லக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ‘கெட்டிமேளம்’ என்று குரல் எழும், நாகஸ்வரமும் தவிலும் ஒருசேர முழங்கும். தானியங்கி ஒலியளவு உள்ள காமிரா, திடுக்கிட்டு ஒலியை அமுக்கிவிட்டுப் பிறகு மெல்ல மெல்ல ஏற்றும். தாலி கட்டும் அந்தச் சில விநாடிகள் வீணாகிவிடும். இரண்டு ஒலித்தடங்களில் ஒன்றை வழக்கமான அளவிலும், மற்றொன்றை 10 அல்லது 12 டெசிபல் குறைத்தும் கையாலேயே வைத்துவிட்டால், ஒன்று பிளந்தாலும் மற்றொன்று காப்பாற்றும். காதில் ஹெட்போன் வைத்துக் கேட்டுக்கொண்டே எடுப்பதும் காமிராக்காரரின் கடமையாகும்.

அட்டையின் கொள்ளளவு

விநாடிக்கு 100 மெகாபிட் வீதம் பதியும் காமிரா, ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. இடத்தை நிரப்பும். மூன்று மணி நேர நாடகத்துக்கு 135 ஜி.பி. வேண்டும். ஆகவே 128 ஜி.பி. அட்டை மங்களம் பாடுவதற்குச் சற்று முன்னால் நிரம்பிவிடும். 50 மெகாபிட்டில் பதிந்தால் அதே நாடகம் 67½ ஜி.பி.யில் அடங்கும். இரண்டு அட்டைகளை ஒருங்கே செருகும் வசதி இருப்பின், ஒன்று நிரம்பியதும் மற்றொன்றில் தொடரலாம். அல்லது இரண்டிலும் ஒரே சமயத்தில் பதியச் செய்யலாம். திரும்ப நடக்காத நிகழ்ச்சிகளுக்கு இரண்டாவது முறையே தக்கது. ஓர் அட்டை பழுதானாலும் விழா பிழைக்கும்.

‘எச்.265’ என்ற முறையில் பதிந்தால் இடம் மிச்சமாகும். ஆனால் பழைய கணிப்பொறி அதைத் தொகுக்கத் திணறும். ‘10 பிட்’ என்பது ஒவ்வொரு நிறத்திலும் 1024 படிகளைப் பதிவது, ‘8 பிட்’ என்பது 256 படிகளை. பட்டுப்புடவையின் நிறத்தையும் மேடை விளக்கின் சாயலையும் பின்னர்த் திருத்த விரும்புவோர்க்கு 10 பிட் உதவும். சங்கத்தில் தொகுப்பு வேலை செய்யும் இளைஞரின் கணிப்பொறி எத்தகையது என்று கேட்டறிந்த பிறகே இவற்றைத் தீர்மானிக்க வேண்டும்.

பணத்தைப் பங்கிடுதல்

கையில் உள்ள தொகை முழுவதையும் காமிராவுக்கே கொடுத்துவிடலாகாது. அசைவின்றித் திரும்பும் ‘ஃப்ளூயிட் ஹெட்’ பொருத்திய முக்காலி ஒன்று இன்றியமையாதது. நீண்ட ஜூமில் மெலிந்த முக்காலியைத் தொட்டாலே படம் நடுங்கும். உபரிப் பாட்டரி இரண்டு, நல்ல மைக், நீண்ட கம்பிகள், ஹெட்போன், அட்டைகள், பிரதிகள் வைக்க ஹார்டு டிஸ்க்குகள் ஆகியவற்றுக்கும் தொகை ஒதுக்குங்கள். காமிராவில் ஒரு படி இறங்கி, முக்காலியிலும் மைக்கிலும் ஒரு படி ஏறுவதே பெரும்பாலும் நல்ல பயனைத் தருகிறது. ஊர்த் திருவிழாவுக்கு விமானத்தில் கொண்டு செல்வதானால், உபரி லித்தியம் பாட்டரிகள் கைப்பையில்தான் செல்ல வேண்டும். 100 வாட்-மணிக்கு மேற்பட்டவற்றுக்கு விமான நிறுவனத்தின் அனுமதி தேவை. பாட்டரி வாங்கும்போதே அந்த எண்ணைக் கவனித்துக்கொள்ளலாம்.

வாங்குவதற்கு முன், ஒரு விழாவுக்கு அந்தக் காமிராவை வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். பெருநகரங்களில் வாடகைக்குக் கொடுப்போர் இருக்கிறார்கள். உங்கள் அரங்கத்தில், உங்கள் விளக்கொளியில், உங்கள் ஒலிபெருக்கிக்காரரின் கம்பியை இணைத்து ஒரு மாலை எடுத்தால், பத்து விளம்பரத் தாள்கள் சொல்லாததை அது சொல்லிவிடும். அதோடு, சங்கத்தில் இருவரேனும் அதை இயக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒருவர் மட்டும் அறிந்த காமிரா, அவருக்கு மாற்றலாகிவிட்டால் அலமாரியில் உறங்கும்.

எடுத்த பிறகு

காமிரா வாங்குவது ஆரம்பமே. எடுத்ததைக் காப்பது அதைவிடப் பெரிய பொறுப்பு. நம் வீடுகள் பலவற்றில் கல்யாணக் கேசட்டுகளும் விழாக் கேசட்டுகளும் பரண்மேல் இருக்கின்றன. அவற்றைப் போட்டுப் பார்க்கக் கருவிதான் இல்லை. 2016ஆம் ஆண்டு மார்ச்சில் சோனி பீட்டாமாக்ஸ் கேசட்டுகளை நிறுத்தியது. அதே ஆண்டு ஜூலையில், வி.சி.ஆர். செய்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாயும் உற்பத்தியை நிறுத்திவிட்டது. 2025க்குள் டிஜிட்டலாக மாற்றப்படாத காந்த நாடாக்களில் பெரும்பாலானவை மீளாமற் போகும் என்று ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015இலேயே எச்சரித்தது. அந்தக் கெடு கடந்தும் ஓடும் நிலையில் உள்ள நாடாக்களை இனியேனும் தாமதமின்றி மாற்றிவிட வேண்டும்.

புதிய கோப்புகளுக்கும் இதே கதி நேராதிருக்க, ஒவ்வொரு விழாவுக்கும் மூன்று பிரதிகள் வையுங்கள். அவற்றுள் ஒன்று வேறொரு வீட்டில் இருக்கட்டும். கோப்பின் பெயரிலேயே ஆண்டு, மாதம், நாள், நிகழ்ச்சி ஆகியவற்றை எழுதுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை ஒவ்வொன்றையும் ஓட்டிப் பாருங்கள். காரியதரிசி மாறும்போது சாவிக்கொத்துடன் இந்தப் பட்டியலும் கைமாற வேண்டும்.

ஏ. கே. செட்டியார் மகாத்மா காந்தியைப் பற்றிய வரலாற்றுப் படத்தை 1940இல் வெளியிட்டார். பல நாடுகளுக்குச் சென்று, யார் யாரோ எப்போதோ எடுத்த படச்சுருள்களைத் தேடித் தேடிச் சேர்த்து அதை உருவாக்கினார். எடுத்தவர்கள் ஒரு பக்கம் இருக்க, அவற்றை வீசிவிடாமல் வைத்திருந்தவர்களும் இருந்ததால்தான் அவருக்கு அது கைகூடிற்று. நாளை நம் சமூகத்தின் கதையைத் தொகுக்க வருவோருக்கும் அத்தகைய ஒரு பெட்டி வேண்டும்.

அந்தப் பெட்டியில் முதலில் இடம்பெற வேண்டியது நாடகமும் நாட்டியமும் அல்ல என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். அவை அடுத்த ஆண்டும் நடக்கும். நம்மிடையே உள்ள மூத்தவர்களின் பேச்சு அப்படியன்று. எந்த ரயிலில் வந்து இறங்கினார்கள், யார் வீட்டுத் திண்ணையில் முதல் இரவு தங்கினார்கள், முதல் மாதச் சம்பளம் எவ்வளவு, அதில் ஊருக்கு அனுப்பியது எவ்வளவு என்பவை சங்கத்துக் குறிப்பேட்டில் இல்லை. அவற்றைச் சொல்லும் நெல்லைத் தமிழும், தஞ்சைத் தமிழும், கொங்குத் தமிழும் இங்கே பிறந்து வளரும் பேரக் குழந்தைகள் காதில் விழுவதும் அரிதாகிவருகிறது. புதிய காமிரா வந்தவுடன், ஜன்னலோர வெளிச்சத்தில் அவர்களை அமர்த்தி, சட்டையிலோ புடவைத் தலைப்பிலோ ஒரு சிறு மைக்கைக் குத்தி, அவர்கள் சம்மதத்தோடு ஒரு மணி நேரம் பேசச் செய்யுங்கள். அதற்கு 20 மடங்கு ஜூம் தேவையில்லை. பொறுமையாகக் கேட்கும் ஒருவரும், நல்ல ஒலியும் போதும்.

ஆகவே, நிர்வாகக் குழுவினர் கடைக்குப் புறப்படும் முன் ஒரு தாளை எடுத்து, இந்த ஆண்டு எடுக்க வேண்டிய நிகழ்ச்சிகள், அரங்கின் நீளம், நிகழ்ச்சியின் நேரம், பேச வைக்க வேண்டிய பெரியவர்களின் பெயர்கள் ஆகிய நான்கையும் வரிசையாக எழுதிக்கொள்ளட்டும். முதல் மூன்று வரிகளைப் பார்த்தால் எந்தக் காமிரா வேண்டும் என்பது விளங்கும். நான்காவது வரியைப் பார்த்தால், எவ்வளவு சீக்கிரம் வாங்க வேண்டும் என்பது விளங்கும்.